சாலைக் கடை மரப்படி

செவ்வாய்க்கிழமை காலை ஆனால் போதும், கிருஷ்ணவேணி மூட்டையாகிவிடுவாள். முன்னால் வேலாயுதன், பின்னால் ஷாஜி, நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அவள். மேல் வீட்டிலிருந்து கடைக்கு இறங்குகிற மரப்படி ஏணிக்குக் கொஞ்சம் அக்கா, அவ்வளவுதான். பாதியில் ஒரு திருப்பம் வேறு. கைப்பிடி கிடையாது; உத்தரத்திலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக ஏறி இறங்குகிறார்கள். திருப்பத்தில் நாற்காலியைச் சாய்க்கும்போது வேலாயுதன், "பதுக்கெ, மெதுவா, எடதுபக்கம் சாய்" என்று ஷாஜிக்குக் குரல் கொடுப்பான். கல்யாணச் சமையலுக்கான பெரிய வார்ப்பை இறக்கும்போதும் இதே குரல்தான். வார்ப்புக்கு நசுங்கிவிடுமோ என்று ஒரு பயமாவது உண்டு. கிருஷ்ணவேணிக்கு அதுவும் கிடையாது.

வேலாயுதனும் ஷாஜியும் சுமட்டுத் தொழிலாளிகள். நீலச் சட்டை போட்ட யூனியன் ஆட்கள். சாலை என்கிற அந்தக் கடைத்தெருவில் லாரியிலிருந்து எது இறங்கினாலும் அவர்கள் கைபட்டுத்தான் இறங்க வேண்டும். அந்தக் கணக்கில் தன் பெண்டாட்டியையும் சேர்த்துவிட்டார் பகவதிப்பெருமாள். பகவதி மெட்டல்ஸ் முதலாளி, பித்தளை உருளியும் குத்துவிளக்கும் செம்புக் குடமும் மொத்தமாக விற்கிறவர், அவளுக்கு அத்தை மகன். நல்ல மனிதர்தான். அதுதான் வினையே. கெட்ட மனிதராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாம்.

கடைவாசலில் இறக்கியதும் எதிர்க் கயிற்றுக்கடை ஜெபசிங் கயிற்றுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு வருவார். "அக்காவுக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்று பகவதிப்பெருமாளைக் கேட்பார். அவளைக் கேட்க மாட்டார். "பாவம்" என்று வேறு ஒன்று சொல்வார். அந்தப் 'பாவம்' காதில் விழும்போதெல்லாம் கிருஷ்ணவேணிக்குப் பற்றிக்கொண்டு வரும். கோட்டாற்றிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் படியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடியிருப்பாள்! பண்டிகை நாட்களில் கல்லாவில் உட்கார்ந்து, விலை கேட்டு வருகிற கோவில்காரர்களிடம் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி, உருளியைத் தட்டிச் சத்தத்தைக் கேட்கவைத்து விற்றவள் அவள். அவளைப் போய்ப் பாவமாம்.

சீக்கின் பெயர் நுரையீரல் பிரஷர். பிரஷர் என்றதும் ஆளாளுக்கு, "எனக்குந்தான் இருக்கு, உப்பைக் குறை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இது கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் அல்ல. இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் சுருங்கிப் போய், அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலது பக்கம் ஓய்ந்து போகிற சீக்கு. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. ஒருவர் வாயு என்றார். ஒருவர் ஆஸ்துமா என்று ஊதுகுழல் கொடுத்தார். ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வயசாகுதில்லையா, வெயிட்டைக் குறைங்க" என்றார். அப்புறம் ஒரு நாள் காலையில் படியில் ஏறும்போது கண் இருட்டி, திருப்பம் வரைக்கும் உருண்டாள். அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, கழுத்து வழியாக இருதயத்துக்குள் குழாய் விட்டு எடுத்த அளவு, வாயில் நுழையாத பெயர், வேளைக்கு வேளை மாத்திரை எல்லாம்.

உருண்ட அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், "படி ஏறவே கூடாது, முழு ஓய்வு" என்றார். பகவதிப்பெருமாளுக்கு அது வேதவாக்காகிவிட்டது. சீக்கு இன்னதென்று தெரிந்து, மாத்திரை பிடித்து, கால் வீக்கம் வற்றிய பிறகு நுரையீரல் டாக்டர் சொன்னார்: "இனி சும்மா இருந்தால் உள்ள பலமும் போய்விடும். அளவாக, எங்கள் கண் முன்னால், உடற்பயிற்சி செய்யணும். மூச்சுப் பயிற்சியும்." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பூசாரி கடையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாமென்று தலையாட்டிவிட்டார்.

"ஆஸ்பத்திரியில செய்யி. அங்க எதானாலும் டாக்டர் உண்டு. வீட்டில ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியா" என்றார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை மட்டும் கிருஷ்ணவேணிக்குக் கால் உண்டு. மற்ற நாளெல்லாம் கட்டில், டிவி, ஜன்னல் வழியாகத் தெரிகிற சாலைத் தெரு.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஆதிரா, நெடுமங்காட்டுக்காரி. ஆளைப் பார்த்தால் காலேஜ் பிள்ளை மாதிரி இருப்பாள், வேலையில் எமகாதகி. விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே நடக்க விடுவாள், சைக்கிள் மிதிக்க விடுவாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார விடுவாள். "எழும்பும்போது மூச்சை வெளிய விடணும் சேச்சி. சூடு காப்பியை ஊதற மாதிரி. தம் பிடிக்கவே கூடாது, ட்டோ" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வாள். நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பது அவளுடைய இன்னொரு சட்டம். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. பாதியில் முறிந்தால் நின்றுவிட வேண்டும்.

"என்னத்தைப் பேச?" என்று முதல் நாள் கேட்டாள் கிருஷ்ணவேணி.

"மனசில இருக்கிறதைப் பேசுங்க."

மனசில் இருந்தது ஒரே விஷயம். வராந்தா முழுக்கப் பகவதிப்பெருமாளைத் திட்டிக்கொண்டே நடந்தாள். போகும்போது அவர் குளியலறை வாசலில் நின்று இருமுகிறதையும், வரும்போது காய்கறிக் கத்தியைக்கூடப் பிடுங்கி வைத்துவிட்டதையும் சொன்னாள். ஆதிரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு வாக்கியம்கூட முறியவில்லை.

"உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை சேச்சி? சிலர் கோயிலுக்கு நடக்கணும்பாங்க. ஒருத்தர் பொன்முடி மலைக்குப் போகணும்ணு சொன்னார்" என்று கேட்டாள் ஆதிரா.

"எனக்கு என் வீட்டுப் படியில நானா ஏறணும்" என்றாள் கிருஷ்ணவேணி. "என்னை யாரும் தூக்கப்பிடாது."

ஆதிரா சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த மரப் படிக்கட்டையைக் காலால் இழுத்துப் போட்டு, "அப்போ இதில இருந்து தொடங்கலாம்" என்றாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தாள். நடுவில் ஒரு நாள் அளவெடுத்தார்கள். வராந்தாவில் குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று பார்க்கிற சோதனை. முதல் தடவை நடந்த தூரத்துக்கும் இதற்கும் ஒரு முழம்கூட வித்தியாசமில்லை. ஆதிராவின் முகம் சுருங்கியது.

"சேச்சி, வீட்ல தினமும் செய்யறீங்களா? உண்மையைச் சொல்லணும்."

"செய்யுதேன்" என்றாள். பொய். வீட்டில் கட்டிலை விட்டு இறங்கினாலே கீழேயிருந்து, "ஏட்டி, என்ன சத்தம்?" என்று குரல் வரும்.

"வாரத்தில ஒரு நாள் இங்க வந்து செய்தா மட்டும் உடம்பு கேக்காது. அடுத்த மாசம் டாக்டர் பார்ப்பார். முன்னேற்றம் இல்லேன்னா இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்திடுவாங்க. நிறைய பேர் காத்துக்கிட்டு இருக்காங்க சேச்சி. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்று சாயங்காலம் நாற்காலியில் மேலே ஏற்றிக் கொண்டுவந்து வைத்ததும் அவள் வெடித்தாள்.

"நாளை முதல் நான் வீட்டில நடப்பேன். படியில நாலு படி எறங்கி ஏறுவேன். டாக்டர் சொல்லியாச்சு."

"எந்த டாக்டர்? மொத டாக்டர் ஏறப்பிடாதுன்னாரு. இவரு ஏறணும்ங்காரு. நான் மொத ஆளு சொன்னதைக் கேக்கேன்."

"மொத டாக்டருக்கு என் சீக்கே தெரியாது அத்தான்!"

"சீக்கு தெரியாட்டா என்ன, விழுந்தது தெரியும்லா? ஒனக்கு என்ன வேணும்? சொல்லு, நான் கொண்டு தாறேன்."

"எனக்கு எறங்கணும். அதாக்கும் எனக்கு வேணும்."

"அது மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடிக்குமே என்று வாங்கி வந்த ரசகதலிப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை அப்படியே அவர் முதுகில் எறியலாமா என்று இருந்தது. எறிந்தால், கையை வீசியதில் மூச்சு வாங்கிவிடும் என்று அதற்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்.

சாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் தெரு அடங்கும். பகவதிப்பெருமாள் கடையின் பின்னறையில் பாய் விரித்துக் குறட்டை விடுவார். மறுநாள் அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணவேணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். இறங்குவது பிரச்சினையில்லை. ஏறும்போது, ஆதிரா சொன்னபடி ஊதி ஊதி மூச்சை விட்டாள். இரண்டு படியில் மூச்சு முட்டியது. உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே போய்ச் சேர முடிந்தது. இப்படி ஊதிக்கொண்டிருந்தால் இந்த மாசத்துக்குள் எப்படி மேலே போவது? எரிச்சலில் அழுகை வந்தது. நிதானமாக ஏறத்தான் சொல்லியிருந்தாள் ஆதிரா. நிதானத்துக்கு எங்கே நேரம்?

இரண்டு மூன்று நாள் கழித்து, திருப்பத்தில் உட்கார்ந்திருந்தவளை வேலாயுதன் பார்த்துவிட்டான். மேல் பரணிலிருந்து அட்டைப்பெட்டி எடுக்க வந்தவன்.

"முதலாளிகிட்டே சொல்லிராதே" என்றாள்.

"சொல்லலை. ஆனா அக்கா, இப்படி வாயைத் திறந்து ஊதினா உள்ள இருக்கிற பலம் எல்லாம் காத்தாப் போயிரும். சொமட்டுக்காரன் எப்படி ஏறுவான்? நல்லா ஒரு இழுப்பு இழுத்து, தம்மைப் பிடிச்சு, ஒரே மூச்சில கேறணும். மேல போய்த்தான் விடணும்."

பித்தளைக் கடையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது புதுசா? அந்தக் கடையில் எதைத் தூக்கினாலும் தம் கட்டித்தான் தூக்குவார்கள். உருளியை நகர்த்தும்போது பகவதிப்பெருமாளின் கன்னம் உப்பி நிற்பதை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஆதிரா சொன்னது ஆஸ்பத்திரி மூச்சு, வழவழ தரைக்கும் சைக்கிளுக்கும் உள்ளது. இந்தப் படிக்கு இந்தத் தெருவின் மூச்சுதான் சரி என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினால் நாலு படி கடகடவென்று போகிறது. மார்பு இடிக்கிறது, காதுக்குள் இரைகிறது, ஆனால் நாலு படி! அடுத்த நாள் இன்னும் இரண்டு. வேலாயுதன் கீழே நின்று கட்டை விரலைக் காட்டினான். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பகவதிப்பெருமாள் ரசகதலிப் பழத்தின் குணம் என்று நினைத்து இன்னொரு சீப்பு வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை, திருப்பம் தாண்டி மேலே மூன்று படி பாக்கி. இனி விட்டால் ஆகாது என்று தம்மை இறுக்கிப் பிடித்தாள். படி வெளுத்துக்கொண்டு போயிற்று. கயிறு கையில் இருந்தது தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

கண் திறந்தபோது திருப்பத்தில் வேலாயுதனின் மடியில் தலை. அவன் பாதியில் பாய்ந்து பிடித்ததால் மண்டை தப்பித்தது. முழங்கால் மட்டும் சிராய்த்திருந்தது. எதிரில் வேட்டி அவிழ்ந்து நிற்கிற பகவதிப்பெருமாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு ராத்திரி தங்கி, புதிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு திரும்பி வந்தபோது படியில் கயிறு இல்லை. உத்தரத்தில் வெறும் வளையம் மட்டும் இருந்தது.

"கயிறு எங்க?"

"கயிறு இருந்தாத்தானே ஏறுவ" என்றார். "செவ்வாய்க்கிழமையும் போவாண்டாம். உடற்பயிற்சியாம் உடற்பயிற்சி. கொல்லத்தான் பாத்துச்சு."

"உடற்பயிற்சி கொல்லல. நான் தப்பாச் செஞ்சேன்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். செய்யாண்டாம்."

இந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது? எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரே சுவரில்தான் போய் முட்ட வேண்டியிருந்தது. அவள் படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வந்து போயிற்று. வராத நோயாளியைத் தேடி ஆதிரா போன் செய்தாள். விழுந்த கதையைச் சொன்னதும் முதலில் பயந்தாள். அப்புறம் எப்படி ஏறினீர்கள் என்று கேட்டாள். தம் பிடித்ததைச் சொன்னதும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"எத்தனை தடவை சொன்னேன் சேச்சி! தம் பிடிச்சா நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறும், இருதயத்துக்கு ரத்தம் திரும்பி வராது, தலைக்கும் போகாது. சாதாரண ஆள் தாங்கும். சுமட்டுக்காரர் தாங்குவார். உங்க இருதயம் தாங்காது. அது சைக்கிளுக்கு மட்டும் சொன்னதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே நெனச்சேன்." சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. கோட்டாற்றிலிருந்து சாலை வரைக்கும் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள்!

ஆதிராவின் கோபம் இறங்கியது. பிறகு, "உங்க இடத்தைப் பத்தி நான் டாக்டர்கிட்ட பேசிக்கிறேன். வீட்ல போன்ல வீடியோ இருக்கு இல்லே? ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் இருக்கா?" என்றாள்.

கிளிப்பைப் பெங்களூரிலிருந்து மகன் சுமந்த் கூரியரில் அனுப்பினான். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. அதற்குப் பிறகு தினமும் கடையில் கூட்டம் கூடுகிற காலை நேரத்தில், மேல் வீட்டில் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கிருஷ்ணவேணி அறைக்குள் மெதுவாக நடந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள். சுவரில் கை ஊன்றிக் குதிகாலைத் தூக்கினாள். எழும்போதெல்லாம் மூச்சை வெளியே விட்டாள். தம் பிடித்துப் பழகின உடம்பு கேட்க மாட்டேன் என்றது. அதோடும் சண்டை போட்டாள். சில நாள் ஏறின பலம் அடுத்த நாளே இறங்கிவிடும். "இண்ணைக்கு வேண்டாம், ரெஸ்ட்" என்பாள் ஆதிரா. கிருஷ்ணவேணி அவளையும் சேர்த்துத் திட்டுவாள். மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு நாள் காலை, அறைக்குள் நடந்துகொண்டே ஜெபசிங்கின் 'பாவ'த்தை ஆதிராவுக்கு நடித்துக் காட்டி முடித்தபோதுதான், தான் இவ்வளவு நேரம் நிற்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"அடுத்த மாசம் படி தொடங்கலாம்" என்றாள் ஆதிரா. "உங்க ஹஸ்பண்டைச் சம்மதிக்க வைக்கணும்."

சம்மதிக்க வைப்பதற்குள் பகவதிப்பெருமாள் அவளுக்கு முந்திக்கொண்டார். அன்று ராச்சாப்பாட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தார்.

"கரமனையில வீடு பாத்தாச்சு. அக்ரஹாரத்துக்குப் பின்னால. தரைவீடு, கேட்டியா. ஒரு படி கிடையாது. முற்றத்தில இருந்து நேரா உள்ள. அட்வான்ஸ் கொடுத்தாச்சு."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதை ஒருவர் சிரித்த முகத்தோடு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சொல்வதை அன்றுதான் பார்த்தாள்.

"எனக்கு இந்தப் படியில ஏறணும் அத்தான். நீங்க படியையே இல்லாம ஆக்குதீங்க."

"இல்லாத படியில விழ முடியாதுல்லா?"

"என்னைக் கேட்டேளா? ஒரு வார்த்தை கேட்டேளா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை. "அந்தச் சத்தம் ஒனக்குக் கேக்காது" என்றார். "விழுறவளுக்கு என்ன கேக்கும்? எனக்குக் கேட்டுது. ரெண்டு தடவையும் கேட்டுது. கடையில ஒரு சொம்பு கீழ விழுந்தாக்கூட இப்பம் நான் படியடிக்கு ஓடுதேன்." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒருவர் அழுதால் எப்படிச் சண்டை போடுவது? அதுவும் அநியாயம்தான். அவருக்குப் பயம் என்றால் அதற்கு அவள் கட்டிலில் கிடக்க வேண்டுமா? அழுகையும் கோபமுமாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது மூச்சைத் தானாக வெளியே விட்டாள். அதைப் பார்க்க அங்கே ஆதிரா இல்லை.

அடுத்த மாசம் வீடு மாறுகிற அன்று விடிந்ததும் லாரி கடைவாசலில் வந்து நின்றது. கடை சாலையிலேயேதான் இருக்கப் போகிறது. மேல் வீட்டுச் சாமான்கள் மட்டும். பீரோ, கட்டில், கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாம் நீலச் சட்டைகளின் தோளில் திருப்பத்தில் சாய்ந்து சாய்ந்து இறங்கின. கனமான சாமான்களுக்குப் பிடிமானமாக வேலாயுதன் உத்தர வளையத்தில் ஒரு புதுக் கயிற்றைக் கட்டியிருந்தான். கடைசியில் அவன் சிவப்பு நாற்காலியோடு மேலே வந்தான். காலி வீட்டில் அவள் மட்டும் நின்றாள்.

"நாற்காலியைக் கீழ கொண்டு போய்ப் போடு வேலாயுதா. நான் நடந்து வாறேன்."

அவன் நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் அவளுக்கு எந்த யோசனையும் சொல்வதில்லை. ஒரு படி முன்னால் இறங்கிக்கொண்டே போனான். அவள் கயிற்றைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தாள். பகவதிப்பெருமாள் தெருவில் லாரியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடிக்கிற வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர் திகைத்துப் போனார். ஆனால் இறங்கியாயிற்று, இனி இந்தப் படி இல்லை என்ற நிம்மதியில் கோபத்தை விழுங்கிக்கொண்டார்.

"செரி, செரி. ஆட்டோ நிக்குது. ஏறு."

அவள் படியடியில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து கிளிப்பை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள். ஆதிரா முந்தின நாளே சொல்லியிருந்தாள்: அவசரம் வேண்டாம், எண் இறங்கினாலோ தலை சுற்றினாலோ நின்றுவிட வேண்டும், பின்னால் ஒரு ஆள் கட்டாயம். எண் சரியாக வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

"அத்தான், நான் மேல போறேன்."

"எதாவது மறந்துட்டியா? ஷாஜியை அனுப்புதேன்."

"ஒண்ணும் மறக்கல" என்றவள் கயிற்றைப் பிடித்து முதல் படியில் காலை வைத்தாள். மூச்சை ஊதி விட்டுக்கொண்டே உடம்பைத் தூக்கினாள். அடுத்த காலையும் அதே படிக்குக் கொண்டுவந்தாள். நின்றாள். வேலாயுதன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு படி பின்னால் ஏறினான்.

"ஏட்டி! கிறுக்கா பிடிச்சிருக்கு? எறங்கு!"

பதில் சொல்ல முடியுமா என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். முழு வாக்கியமும் வந்தது. முடியும். ஆனால் சொல்லவில்லை. தெருவில் ஹாரன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கத்தின. கூரையேறிக் கோழி பிடிக்காதவள் என்று எந்த வாய் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். அவளுக்கு வைகுண்டம் வேண்டாம், இந்தப் படி போதும். ஒரு படி, ஒரு நிற்பு. சில இடத்தில் ஒரு படிக்கு நாலு மூச்சு நிற்க வேண்டியிருந்தது. திருப்பத்துக்கு வந்து சேர்ந்தாள். வேலாயுதன் நாற்காலியைப் போட்டான். உட்கார்ந்தாள். கிளிப்பின் எண் இறங்கியிருந்தது. அது ஏறும் வரை காத்திருந்தாள்.

பகவதிப்பெருமாள் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். அதற்கு மேல் அவருக்குக் கால் வரவில்லை. முகம் வெளிறிக் கிடந்தது.

"வேலாயுதா, தூக்குடே அவளை! கீழ கொண்டு வாடே!"

வேலாயுதன் அவரைப் பார்த்தான். சாலைத் தெருவில் முதலாளி சொல்லி அவன் தூக்காத பொருள் கிடையாது. "அக்கா சொல்லட்டு முதலாளி" என்றான். "அக்கா சொன்னாத் தூக்குதேன்."

கிருஷ்ணவேணி தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. எழுந்தாள். திருப்பத்துக்கு மேலே உள்ள படிகள்தான் அவளை இரண்டு தடவையும் தள்ளிவிட்டவை. பயமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பயம் வந்ததும் உடம்பு தம்மைப் பிடிக்கப் பார்த்தது. விடு, விடு என்று தன்னையே அதட்டி மூச்சை வெளியே விட்டாள். ஒரு படி. நின்றாள். இன்னொரு படி. நெஞ்சு அடித்தது, ஆனால் படி வெளுக்கவில்லை. ஒவ்வொரு பலகையின் தேய்ந்த நடுப்பகுதியும் அது அதுவாகத் தெரிந்தது. கடைசிப் படியில் கயிற்றை விட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்தாள்.

மேலே ஒன்றும் இல்லை. பீரோ நின்ற இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது. அடுக்களையில் ஒரு பல்லி. அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதால் மூச்சு கெடும் என்று அதை மட்டும் நிறுத்தி வைத்தாள்.

"வீடு காலியாக் கிடக்கு!" கீழேயிருந்து பகவதிப்பெருமாளின் குரல் உடைந்து வந்தது. "ஒரு கரண்டி கூட இல்லாத எடத்தில ஏறிப் போயிட்டியேட்டி! மேல என்ன இருக்கு?"

அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள். இன்னொரு தடவை.

"நான் இருக்கேன் அத்தான்" என்றாள். "மூச்சு ஆறட்டு. அது வரைக்கும் லாரி நிக்கட்டும்."